பத்திரிகைக்கு நாலு ப்ரூஃப், 230 வோல்ட்டுக்கு ஒன்றுகூட இல்லை

நம்ம வீட்டில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்னால் எத்தனை பேர் படிக்கிறோம்? பெரியப்பா படிப்பார். மாமா படிப்பார், தன் இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று மட்டும். அத்தை, தன் வீட்டுக்காரர் பெயர் சித்தப்பா பெயருக்கு மேலே வந்திருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் வாட்ஸப்பில் மைசூருக்கு வந்து, இங்கிருந்து துபாய்க்குப் போய், அங்கே இருக்கும் மச்சான் "முகூர்த்த நேரத்துல 'காலை'ங்கிற வார்த்தை விட்டுப்போச்சே" என்று கண்டுபிடித்து, நாலாவது ப்ரூஃபில்தான் அச்சாகும். தப்பாக அச்சானால் என்ன ஆகிவிடும்? ஒரு மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவ்வளவுதான்.

அதே வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, 230 வோல்ட் லைனில் மாட்டப் போகும் ஒரு சர்க்யூட்டை வரைகிறது. வரைந்த அன்றைக்கு ராத்திரியே போர்டு லேஅவுட். மறுநாள் காலையில் ஆர்டர். வரைந்த பிள்ளையைத் தவிர வேறு யாராவது அந்தப் படத்தைப் படித்தார்களா என்று கேட்டால், "எங்களுக்கு அதெல்லாம் என்ன சார் தெரியும்" என்கிறார்கள் அப்பாவும் அம்மாவும். அதைச் சொல்வதில் ஒரு பெருமை வேறு!

இந்தப் பெருமையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமாகவே இருக்கும். பிடிக்காதவர்கள் பின்னூட்டத்தில் திட்டிக்கொள்ளலாம் :-)

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். பேங்க் ஆபீசர். மாற்றலாகி மைசூர் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது (2014லேயே பலகையெல்லாம் மைசூரு என்று மாறிவிட்டது, நமக்கு இன்னும் மைசூர்தான்). விஜயநகர் நாலாவது ஸ்டேஜில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மவர்கள் ஐந்தாறு குடும்பத்துப் பிள்ளைகள் கூடுவார்கள். சால்டரிங் அயர்ன் வாசனை, ஒரு மூலையில் செஸ், கீழே பெண்கள் போடும் பில்டர் காபி. டிரான்ஸிஸ்டருக்கு மூன்று கால் என்பது எனக்குத் தெரியும். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் என் பையனைக் கூப்பிடுவேன்.

ஆனால் இன்னொருவர் எழுதியதை எப்படிச் சரிபார்ப்பது என்பது எனக்குத் தெரியும். இருபது வருஷமாக அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. ஸ்கெமாட்டிக் என்பது எந்தப் பொருளின் எந்தக் கால் எதோடு சேர வேண்டும் என்று சொல்லும் படம். லேஅவுட் என்பது அதையே செம்புக் கோடுகளாகப் பலகையில் பரப்புவது. லேஅவுட் மென்பொருள் ஸ்கெமாட்டிக் சொன்னதை அப்படியே கேட்கும், எதிர்த்துப் பேசாது. பேங்க் பாஷையில் சொன்னால் ஸ்கெமாட்டிக் வவுச்சர், போர்டு லெட்ஜர். வவுச்சரில் கணக்கு எண் தப்பாக இருந்தாலும் லெட்ஜர் டேலி ஆகும். பற்றும் வரவும் ஒரு பைசா பிசகாமல் நிற்கும். பணம் மட்டும் வேறொருவர் கணக்கில் இருக்கும்!

பிள்ளைகள் பயன்படுத்துகிற கீகேட் மாதிரி மென்பொருட்களில் ஈ.ஆர்.சி. என்று ஒரு சோதனை உண்டு. பட்டனை அழுத்தினால், எங்கேயாவது கால் தொங்குகிறதா, இரண்டு அவுட்புட்கள் மோதுகின்றனவா, பவர் பின்னுக்குப் பவர் வருகிறதா என்று பார்த்துச் சொல்லும். நல்ல விஷயம்தான், செய்யாமல் விடக்கூடாது. ஆனால் அது பார்ப்பது டேலி ஆகிறதா என்பதை மட்டும்தான். 'எரர் 0, வார்னிங் 0' என்று வந்துவிட்டால் நம் பிள்ளைகள் தேர்வு பாஸான மாதிரி துள்ளுகிறார்கள். என் சண்டையே அந்தத் துள்ளலோடுதான்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குழுவில் ஒரு பெண், கெட்டிக்காரி, மொட்டைமாடி டேங்கில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரைத் தானாகப் போட்டு, நிரம்பினால் நிறுத்துகிற கன்ட்ரோலர் ஒன்றை வரைந்திருந்தாள். சம்ப்பும் டேங்க்கும் இருக்கிற இந்த ஊரில் இதைவிட உபயோகமான ப்ராஜெக்ட் கிடையாது. இ.எஸ்.பி.32 என்கிற வைஃபை சில்லு, ஒரு ரிலே, டேங்குக்குள் இறங்கும் மூன்று கம்பிகள். அவற்றில் ஒன்று கிரவுண்டு, மற்ற இரண்டும் மேல் மட்டம், கீழ் மட்டம். பவருக்கு டிரான்ஸ்பார்மர் இல்லை. ஏதோ ஒரு வீடியோவில் பார்த்த மாதிரி, 230 வோல்ட்டை ஒரு கெபாசிட்டர் வழியாக இறக்கி, பிரிட்ஜ் டயோடு போட்டு, ஸீனர் போட்டு 5 வோல்ட். அடக்கமாக இருக்கும், செலவும் குறைவு. ஈ.ஆர்.சி. சுத்தம். லேஅவுட் பாதி முடிந்துவிட்டது.

நான் கேட்டது ஒன்றுதான். பிரின்ட் எடுத்துக் கொடு. காகிதத்தில் வேண்டும், பென்சிலோடு. பிராஞ்சில் நாள் முடிவில் வவுச்சர்களை டிக் அடிக்கிற மாதிரி ஒவ்வொரு கோட்டையும் தொட்டுக்கொண்டு போனேன்.

"இந்த ஒயரெல்லாம் போர்டுக்கு வெளியே எங்கேம்மா போகுது?"

"டேங்குக்கு அங்கிள். தண்ணிக்குள்ள."

"சரி, இந்த கிரவுண்டு எங்கேருந்து வருது?"

விரலை வைத்துக்கொண்டே போனாள். டேங்க், கம்பி, கிரவுண்டு, பிரிட்ஜ், அப்புறம் பிளக். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டிரான்ஸ்பார்மர் இல்லாத அந்த சப்ளையில், உள்ளே இருக்கும் 5 வோல்ட்டுக்கும் வெளியே இருக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவே சுவரே கிடையாது. இரண்டு பின் பிளக்கை மாற்றிச் செருகினாலோ, எலக்ட்ரீஷியன் பேஸையும் நியூட்ரலையும் சாக்கெட்டில் மாற்றிக் கொடுத்திருந்தாலோ (வாடகை வீடுகளில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள், தெரியும்), அந்தச் சர்க்யூட்டின் கிரவுண்டு நேரடியாக பேஸ். அது போய் நிற்பது டேங்க் தண்ணீரில். அந்தத் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே பாத்ரூமுக்கு வருகிறது. ஆர்.சி.சி.பி. இருந்தால் 30 மில்லி ஆம்பியர் கசிவில் கட் ஆகும். நீங்கள் இருக்கும் வீட்டில் அது இருக்கிறதா? கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

கவனியுங்கள், அந்தக் கெபாசிட்டர் சர்க்யூட் தப்பான சர்க்யூட் இல்லை. மலிவு எல்.ஈ.டி. விளக்குகளுக்குள் அதுதான் இருக்கிறது. மூடிய பிளாஸ்டிக்குள், யார் கையும் படாத இடத்தில், மின்சாரத்துக்கென்றே செய்த எக்ஸ்2 ரகக் கெபாசிட்டரோடு, பிளக்கைப் பிடுங்கியதும் அதில் தங்கும் மின்சாரத்தை வடித்துவிட ஒரு ரெசிஸ்டரோடு இருந்தால் சரி. தண்ணீருக்குள் கம்பி இறங்கும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை. இதை எந்த ஈ.ஆர்.சி.யும் சொல்லாது. ஏனென்றால் தண்ணீர் ஸ்கெமாட்டிக்கில் இல்லை. குளிக்கிற ஆள் ஸ்கெமாட்டிக்கில் இல்லை.

பென்சில் அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. வரவு செலவு பார்த்தோம். 0.47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 6,800 ஓம் மாதிரி தடுக்கும். 230ஐ அதால் வகுத்தால் 34 மில்லி ஆம்பியர். அதுதான் மொத்த வருமானம். செலவு? ரிலே காயிலுக்கு மட்டும் 70க்கு மேல். இ.எஸ்.பி.32 வைஃபையில் பேசும்போது 240 வரை இழுக்கும் என்று அதன் டேட்டாஷீட்டே சொல்கிறது. இந்தக் குடும்பத்துக்கு எந்த பேங்கும் லோன் கொடுக்காது! இதற்கு பி.இ. எதற்கு? எட்டாவது கணக்கு போதும்.

அப்புறம் ரிலேயை ஓட்டும் பின். 34ஆம் எண் பின்னில் கொடுத்திருந்தாள். அந்தச் சில்லில் 34லிருந்து 39 வரை உள்ள பின்கள் உள்ளே வாங்கத்தான் செய்யும், வெளியே கொடுக்காது. டேட்டாஷீட்டில் ஒரு வரி. 12ஆம் பின்னுக்கு மாற்றலாமா என்றாள் என் பையன் பக்கம் திரும்பி. அவன் தேடிப் பார்த்து, ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் 12ல் வோல்டேஜ் இருந்தால் சில்லு கண்ணையே திறக்காது என்றான். ஒரு பின்னைத் தேர்ந்தெடுக்கவே அரை மணி நேரம் ஆனது. ஆகட்டுமே! போர்டு வந்த பிறகு என்றால் அரை நாள், கூடவே அழுகை.

டிரான்ஸிஸ்டர் கதையையும் சொல்லியாக வேண்டும். பிசி547ன் தட்டையான முகத்தைப் பார்த்து, கால்கள் கீழே இருக்கிற மாதிரி பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2222 என்று கேட்டு வாங்கினால் பிஎன்2222ஏ கிடைத்தால் எமிட்டர், பேஸ், கலெக்டர். பி2என்2222ஏ கிடைத்தால் மறுபடி கலெக்டர் முதலில். கடைக்காரருக்கு எல்லாம் ஒன்றுதான். ஒரே பெயரில் இரண்டு அக்கவுன்ட் ஹோல்டர்கள் இருக்கிற கிராமப்புற பிராஞ்சில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வலி புரியும். கையெழுத்தை ஒப்பிடாமல் பணம் கொடுப்போமா? அப்படியிருக்க டேட்டாஷீட்டைத் திறக்காமல் கால் எண் போடுவது மட்டும் எப்படிச் சரியாகும்?

மோட்டார் விஷயத்தில் இன்னும் முடிவாகவில்லை. அந்தச் சின்ன நீல ரிலேயில் 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும். அது ஹீட்டர் மாதிரி லோடுக்கு. மோட்டார் கிளம்பும்போது ஓடுகிற கரன்ட்டைப் போலப் பல மடங்கு இழுக்கும், கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்கவே நிற்காது. ரிலே ஒரு கான்டாக்டரை ஓட்டட்டும், கான்டாக்டர் மோட்டாரை ஓட்டட்டும் என்பது என் கட்சி.

இப்போது எதிர்க்கட்சி.

எங்கள் குழுவிலேயே ஒரு நண்பர், கோயமுத்தூர்க்காரர், இங்கே ஐ.டி.யில் இருக்கிறார். நல்ல மனுஷன், ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஜென்ம விரோதி. "சார், நீங்க இன்னும் லெட்ஜர் காலத்துலயே இருக்கீங்க. ஷென்ஜென்ல அஞ்சு போர்டு ரெண்டு டாலர். முதல் போர்டு தப்பாத்தான் வரும். தூக்கிப் போட்டுட்டு அடுத்தது. சீக்கிரம் தப்பு பண்ணி சீக்கிரம் கத்துக்கறதுதான் இப்போ வழி" என்கிறார்.

இரண்டு டாலர் விளம்பரம் உண்மைதான். ஷிப்பிங்கும் கஸ்டம்ஸும் சேர்த்தால் என்ன ஆகிறது என்று அவரே பில்லை எடுத்துப் பார்க்கட்டும். அதுகூடப் பரவாயில்லை. மென்பொருளில் தப்பு பண்ணினால் திரை உறைந்து போகும், மறுபடி ஸ்டார்ட் செய்யலாம். டேங்க் தண்ணீரில் பேஸ் இறங்கினால் எதை மறுபடி ஸ்டார்ட் செய்வார்? 5 வோல்ட் பேட்டரியில் எல்.ஈ.டி. மினுக்குகிற பிள்ளைக்கு அவருடைய தத்துவம் பொருந்தும், தாராளமாகத் தப்பு பண்ணட்டும். மெயின்ஸைத் தொடுகிற படத்துக்கு அதைச் சொல்லிக் கொடுப்பது பொறுப்பில்லாத பேச்சு. நேரில் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொரு கட்சி, "ஏ.ஐ.கிட்ட படத்தைக் காட்டினேன் அங்கிள், நல்லா இருக்குன்னு சொல்லிச்சு" என்கிற கட்சி. காட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, சில தப்புகளைப் பிடித்தும் கொடுக்கும். ஆனால் டேங்க்கைப் பற்றி நீ சொன்னாயா என்று கேட்டால் பதில் இல்லை. பிராஞ்சில் செக்கர் வைக்கிற இனிஷியலுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? நாளைக்கு ஏதாவது ஆனால் அந்த இனிஷியல்காரரைக் கூப்பிடுவார்கள் என்பதிலிருந்து. ஏ.ஐ.யை யார் கூப்பிடுவது?

"பெரிய கம்பெனிகளே தப்பு விடுகின்றன, நாம் எம்மாத்திரம்" என்பது மூன்றாவது. இதற்கு ராஸ்பெர்ரி பை 4 கதையை எடுத்து வருவார்கள். 2019 ஜூனில் வெளிவந்த போர்டு. அதன் யு.எஸ்.பி.-சி இணைப்பில் இரண்டு சி.சி. பின்களுக்கும் ஆளுக்கொரு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டரில் கட்டியிருந்தார்கள். விளைவு, உள்ளே சில்லு வைத்த சில உயர்தரக் கேபிள்களோடு இணைத்தால், சார்ஜர் அந்தப் போர்டை ஏதோ ஆடியோ சாதனம் என்று நினைத்து பவர் கொடுக்க மறுத்துவிட்டது. ஒரு ரெசிஸ்டர், சில பைசா! பிறகு வந்த போர்டில் திருத்தினார்கள்.

ஆனால் இந்தக் கதை அவர்கள் கட்சிக்கா உதவுகிறது? அந்தத் தப்பை விளக்கியது எப்படி? வெளியே இருந்தவர்கள், வெளியிடப்பட்ட ஸ்கெமாட்டிக்கை எடுத்து, யு.எஸ்.பி. விதியோடு ஒப்பிட்டுப் படித்தார்கள். வேலை செய்து பார்த்த சோதனையில் சிக்காமல் போனது, படத்தைப் படித்ததில் சிக்கியது. அது போர்டு விற்ற பிறகு நடந்தது என்பதுதான் ஒரே வருத்தம். நான் அதை முன்னால் செய்யச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

நாலு பேர் பார்த்தால் போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. என் துறையிலேயே உதாரணம் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் சிட்டி பேங்க், ரெவ்லான் கம்பெனியின் கடனுக்கு வட்டியாக 78 லட்சம் டாலர் அனுப்ப வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட 90 கோடி டாலரை அனுப்பிவிட்டது. திரையில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும், ஒன்றை மட்டும் நிரப்பினார்கள். போட்டவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர், ஒப்புதல் கொடுத்தவர் ஒருவர் என மூன்று பேர் பார்த்தார்கள். மூன்று பேரும் ஒரே திரையை ஒரே நினைப்போடு பார்த்தார்கள். கோர்ட், கேஸ் என்று அலைந்து, 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் பேங்க் பக்கம் தீர்ப்பு வந்தது. வரைந்தவரின் நினைப்பையே சுமந்துகொண்டு படிப்பவர் செக்கர் இல்லை, இன்னொரு மேக்கர். அதனால்தான் சொல்கிறேன், அதே வகுப்புத் தோழன் பார்த்தான் என்பது கணக்கில் சேராது. அவனும் அதே வீடியோவைத்தான் பார்த்திருப்பான்.

இங்கேதான் பெற்றோர்களே, நீங்கள் வருகிறீர்கள். தெரியாதவர் என்பதுதான் உங்கள் தகுதி. "இது எங்கே போகுது? கரன்ட் போய்த் திரும்ப வந்தா மோட்டார் தானா ஓடுமா, சும்மா இருக்குமா? வைஃபை தொங்கிப்போச்சுன்னா யார் நிறுத்துவாங்க? சம்ப்ல தண்ணியே இல்லேன்னா?" இதையெல்லாம் கேட்க ஓம்ஸ் விதி தேவையில்லை. வீட்டை நடத்தத் தெரிந்தால் போதும். என் மனைவி கேட்ட கடைசிக் கேள்விக்காகத்தான் அந்தப் படத்தில் சம்ப்புக்கும் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் சேர்ந்தது.

"காமர்ஸ் படிச்சவருக்கு எதுக்கு சார் இது?" என்று ஒருவர் கேட்டார். இதே மைசூரில், ஒண்டிகொப்பலில் தன் வீட்டில் 1935ல் 30 வாட் டிரான்ஸ்மிட்டரை வைத்து வானொலி நடத்திய எம்.வி. கோபாலசுவாமி மனோதத்துவப் பேராசிரியர். ஆகாசவாணி என்று நாடு முழுக்கப் பின்னால் பரவிய பெயர் அந்த வீட்டு நிலையத்தின் பெயர்தான். அவரிடம் போய் யாராவது "மனோதத்துவக்காரருக்கு எதுக்கு சார் டிரான்ஸ்மிட்டர்" என்று கேட்டிருப்பார்களோ என்னமோ!

பக்கத்திலேயே நஞ்சன்கூட்டில், ஆஸ்திரியாவின் ஏ.டி. அண்ட் எஸ். 1999ல் வாங்கிய பி.சி.பி. தொழிற்சாலை இருக்கிறது. நம் பிள்ளைகளின் ஐந்து போர்டுக்காக இருக்கிற இடம் இல்லை அது, ஆனால் ஊரில் இந்தத் தொழில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். அவர்களில் ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காபிக்குக் கூப்பிடுவதில் நமக்கு என்ன தயக்கம்? ஜாதகத்தை மட்டும் இரண்டு ஜோசியரிடம் காட்டுகிறோமே.

எங்கள் மாடியில் இனி இப்படித்தான். மெயின்ஸைத் தொடும் எந்தப் படத்துக்கும் வரைந்தவர் அல்லாத இரண்டு பேர், அதில் ஒருவர் பெரியவர், காகிதத்தில் டிக் அடித்து, தேதி போட்டு இனிஷியல் வைக்காமல் லேஅவுட் தொடங்கக் கூடாது. தண்ணீர், மழை, மனுஷன் கை, இதில் எதையாவது தொடுகிற சர்க்யூட் என்றால் டிரான்ஸ்பார்மர், அல்லது ஐசொலேஷன் உள்ள நல்ல ரெடிமேட் சப்ளை. இதில் பேரம் இல்லை. ஸ்கூல் எக்ஸிபிஷன் வெள்ளிக்கிழமை என்றால் எக்ஸிபிஷனுக்குப் போக வேண்டாம். ஒரு குடும்பம் இதனால் வருவதை நிறுத்திவிட்டது, தெரியும். நிறுத்தட்டும்.

அந்தப் பெண் மூன்றாவது தடவையாக வரைந்து கொண்டுவந்திருக்கிறாள். கம்பிகளுக்குப் பதில் டேங்க்கிலும் ஃப்ளோட் ஸ்விட்ச், தனி 5 வோல்ட் அடாப்டர், ரிலே காயிலுக்குக் குறுக்கே டயோடு. 3.3 வோல்ட் ரெகுலேட்டரின் உலோக முதுகு கிரவுண்டு என்று போட்டிருக்கிறாள். 7805க்கு அப்படித்தான். இவள் போட்டிருக்கும் ஏ.எம்.எஸ்.1117க்கு அது அவுட்புட். பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், கோயமுத்தூர்க்காரர் இனிஷியல் வைப்பதற்கு முன்னால் அவராகக் கண்டுபிடிக்கிறாரா என்று இந்த ஞாயிறு பார்க்க வேண்டும். என் பிரதியை அவருக்குக் காட்டப் போவதில்லை.